பத்தொன்பது மில்லிமீட்டரும் நூறு அடியும்

கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் ஆழத்துப் பாறைக்குள் புதைக்கிறார்கள். அதற்கான கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏழு அங்குல எஃகுக் கேசிங் பைப், அதைச் சுற்றி எட்டரை அங்குலத் துளை, இரண்டுக்கும் நடுவே இருக்கும் வளையத்தில் சிமெண்ட். பைப் துளையின் நட்டநடுவில் நின்றால் சிமெண்டின் கனம் எல்லாப் பக்கமும் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். இதன் ஒரு முகத்தில் கரியமில வாயு அழுத்தத்தோடு வந்து நின்றால், அரித்துக்கொண்டு மறுமுகத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு காலம் ஆகும்? ஓர் ஆய்வுக்கூடத்தின் கணக்கை நீட்டிப் பார்த்தால் ஏழரை மாதம். இன்னொரு கூடத்தின் கணக்கை நீட்டினால் ஏறத்தாழ 3,800 ஆண்டு. இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள். ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட்டு மற்றதைக் கையில் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஆனாலும் பேசுகிறவர்கள் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டுதான் பேசுகிறார்கள். "கரியமில வாயு சிமெண்டைத் தின்றுவிடும், பூமிக்குள் புதைப்பது வீண்வேலை" என்பார் ஒருவர். "சிமெண்ட் சுண்ணாம்புக்கல்லாக மாறி இன்னும் கெட்டியாகும், பயமே வேண்டாம்" என்பார் அடுத்தவர். இரண்டு பேச்சுமே எனக்கு நெடுநாள் ஒட்டவில்லை.

கொங்கு நாட்டில் உட்கார்ந்து இதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. நாடு முழுக்கப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட ஓடும் ரிக் வண்டிகளில் பெரும்பகுதி திருச்செங்கோட்டிலிருந்து கிளம்புபவை. மதுக்கரையிலும் சங்ககிரியிலும் கரூர்ப் புலியூரிலும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, அதற்குள் அடைபட்டிருந்த கரியமில வாயுவை வானத்துக்கு அனுப்பித்தான் சிமெண்ட் செய்கிறார்கள். துளை போடுவதையும் சிமெண்டையும் நம்மைவிட நெருக்கமாக அறிந்த வட்டாரம் அதிகம் இருக்காது. ஆனால் நம் காலடியில் இருக்கும் நைசும் சார்னோக்கைட்டும் வாயுவைச் சேர்த்து வைக்கிற பாறைகள் கிடையாது. அவற்றில் நுண்துளை இல்லை, விரிசல் மட்டுமே உண்டு. வாயுவைப் புதைக்க வேண்டுமானால் உப்புநீர் ஊறிய மணற்பாறையோ சுண்ணாம்புப் பாறையோ வேண்டும், அதன் தலையில் கசியாத களிப்பாறை மூடி வேண்டும், ஆழமும் ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே போக வேண்டும். அந்த ஆழத்தில்தான் 31 டிகிரியும் 73 வளிமண்டல அழுத்தமும் தாண்டி, வாயு பாதித் திரவம்போல அடர்ந்து கிடக்கும். நார்வே கடலடியில் ஸ்லைப்னரில் 1996 முதல் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் டன் என்ற அளவில் இதைச் செய்தார்கள். களிமூடியை இயற்கை கட்டிக் கொடுத்துவிட்டது. அதை ஓட்டை போட்டவர்கள் நாம். ஓட்டையை அடைப்பது சிமெண்டின் பொறுப்பு.

வெள்ளையடிக்கிற வாளியில் நடப்பது

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வாளியை ராத்திரி திறந்தபடி விட்டால், காலையில் மேலே பால் ஏடுபோல மெல்லிய தகடு படிந்திருக்கும். காற்றிலிருக்கும் கரியமில வாயு சுண்ணாம்புத் தண்ணீரில் கரைந்து, கரையாத சுண்ணாம்புக்கல்லாக மாறிய ஏடு அது. பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் வாயுவை ஊதிக் காட்டுவது இதைத்தான். தண்ணீர் பால்போல வெளுக்கும். ஆனால் ஊதுவதை நிறுத்தாமல் தொடர்ந்தால் அந்தப் பால் நிறம் கலைந்து தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். வந்த கல் பைகார்பனேட்டாகிக் கரைந்துவிட்டது. ஆழ்துளைச் சிமெண்டுக்குக் கரியமில வாயு செய்வது முழுவதும் இந்த ஒரு சோதனைக்குழாய்க்குள் இருக்கிறது. முதலில் கல்லாக்கும், பிறகு அந்தக் கல்லையே கரைக்கும். "கெட்டியாகும்" என்பவர் முதல் பாதியோடு எழுந்து போனவர். "தின்றுவிடும்" என்பவர் கடைசியில் வந்து பார்த்தவர்.

உறைந்த சிமெண்டில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை நீற்றிய சுண்ணாம்புதான். போர்ட்லாண்டைட் என்று பெயர். பெரும்பகுதி கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை, பலம் தருவது அது. உள்ளே இருக்கிற ஈரத்தின் பி.ஹெச். 12.5-க்கு மேல். வெளியே கரியமில வாயு கரைந்த உப்புநீரின் பி.ஹெச். ஏறத்தாழ 3. இந்த இரண்டும் சந்திக்கிற இடத்திலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக வளையங்கள் உருவாகும். ஆக உள்ளே பழுதில்லாத சிமெண்ட். அதற்கு வெளியே போர்ட்லாண்டைட் கரைந்து வெளியேறிய, நுண்துளை கூடிய ஒரு மெல்லிய வளையம். அடுத்து, வெளியேறிய கால்சியமும் உள்ளே வந்த வாயுவும் சேர்ந்து கால்சைட் அடர்ந்து படிந்த வளையம். போர்ட்லாண்டைட் கால்சைட் ஆகும்போது பருமன் 33-லிருந்து 37 என்ற கணக்கில், ஒன்பதில் ஒரு பங்கு பெருக்கிறது. அதனால் இந்த வளையத்தில் துளைகள் அடைபடும், கடினமும் கூடும், வாயு உள்ளே போவதும் மட்டுப்படும். ஆக வெளியே, புது அமிலநீர் ஓயாமல் வந்து தொடும் இடத்தில், கால்சைட்டும் கரைந்து போய் வெறும் சிலிக்கா கூழ் எஞ்சி நிற்கும். நகத்தால் சுரண்டினால் வருகிற அளவுக்கு மெதுவானது அது.

தொழிற்சாலையில் 900 டிகிரியில் சுட்டுப் பிரித்த ஒன்றை, கிணற்றுக்குள் திரும்பச் சேர்க்கிறது பூமி. வாயு திரும்ப வந்தால் சுண்ணாம்புக்கல்லாவது சிமெண்டின் சுபாவம். அதைத் தடுக்க முடியாது. வேகத்தையும் திசையையும்தான் நாம் பேச முடியும்.

இரண்டு கூடம், இரண்டு வேகம்

ஏழரை மாதக் கணக்கு 2006-இல் எண்ணெய்க் கிணற்றுச் சேவை நிறுவனமான ஷ்லும்பெர்ஜரின் ஆய்வாளர்கள் வெளியிட்டதிலிருந்து வருகிறது. 90 டிகிரி வெப்பம், 280 பார் அழுத்தம் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்), ஈரமான கரியமில வாயு. மூன்று வாரத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வரை மாற்றம் உள்ளே போயிருந்தது. அவர்கள் தந்த சூத்திரம் எளிது. நேரத்தை மணியில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 0.26-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டரில் ஆழம் கிடைக்கும். 19 மில்லிமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள், 5,340 மணி நேரம் வரும். மற்றது அமெரிக்க அரசின் தேசிய எரிசக்தித் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் 2007, 2008-இல் வெளியிட்டது. அங்கே 50 டிகிரி, 303 பார், ஒரு விழுக்காடு உப்புநீர். சிமெண்டை அதே வெப்பத்திலும் அழுத்தத்திலும் 28 நாள் உறையவிட்டு, பிறகு ஓராண்டு வரை வாயுவில் வைத்தார்கள். அதை நீட்டினால் 30 ஆண்டில் உப்புநீர்ப் பக்கம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், ஈரவாயுப் பக்கம் 1.7 மில்லிமீட்டர்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வெப்பம் ஒரு காரணம். சிமெண்ட் இன்னொன்று. இரண்டும் எண்ணெய்க் கிணற்றுச் சிமெண்ட் ரகங்கள்தான், ஆனால் முதல் ஆய்வு ஜி வகுப்பு, இரண்டாவது ஹெச் வகுப்பு. ஜி-க்குத் தண்ணீர் சிமெண்டின் எடையில் 44 விழுக்காடு, ஹெச்-க்கு 38. இந்த ஆறு விழுக்காடு தண்ணீர்தான் உறைந்த பிறகு நுண்துளையாக நிற்கும். வெறும் தண்ணீருக்கும் உப்புநீருக்கும் வாயு கரையும் அளவு வேறு, கால்சைட் கரையும் அளவும் வேறு. எத்தனை நாள், எந்தச் சூட்டில் உறையவிட்டார்கள் என்பதும் சேரும். பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிய இரண்டு தொட்டிகளில் ஒன்று முப்பது வருஷம் நிற்பதும் மற்றது பத்தே வருஷத்தில் உதிர்வதும் ஏன் என்று நம் கொத்தனாரைக் கேட்டால் அவர் சொல்லும் காரணங்களும் இவைதான்: தண்ணீர் கூட ஊற்றிக் கலக்கினார்கள், நனைக்காமல் விட்டார்கள்.

இங்கே பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று. போர்ட்லாண்டைட்தான் வாயுவோடு முதலில் வினைபுரிகிறது, ஆகவே அது குறைந்த சிமெண்ட் நல்லது என்று தோன்றும். சாம்பல் சேர்த்தால் போர்ட்லாண்டைட் குறையும், நுண்துளையும் சிறுக்கும். மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பல் மாதிரி உலர்சாம்பல் 15 முதல் 35 விழுக்காடு வரை கலந்ததுதான் கடையில் கிடைக்கும் பி.பி.சி. மூட்டை. ஆனால் கரியமில வாயுவுக்கு முன்னால் போர்ட்லாண்டைட் ஒரு கையிருப்பு. வருகிற வாயுவைப் பிடித்து, கால்சைட்டாக்கி, துளையை அடைத்து, வேகத்தைக் குறைப்பது அதுதான். கையிருப்பு குறைந்தால் வாயு முன்னேறும் ஆழம் கூடும். அதே அமெரிக்கக் கூடம் சாம்பல் கலந்த சிமெண்டை வைத்துப் பார்த்தபோது மாற்றம் வேகமாகவும் ஆழமாகவும் பரவியது. ஆனால் அந்தச் சிமெண்ட் கூழாகிப் போகவில்லை, தடுக்கும் தன்மையை இழக்கவும் இல்லை. ஆக, எத்தனை மில்லிமீட்டர் மாறியது என்பது ஒரு கேள்வி, மாறியது இன்னும் தடுக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வந்த விடையை இரண்டாவதற்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். என் குழப்பத்தில் பாதி இங்கேதான் விலகியது.

எந்தப் பக்கம் அளக்கிறோம்

மீதிப் பாதி விலகியது அளவுகோலைத் திருப்பி வைத்தபோது. 19 மில்லிமீட்டர் என்பது சிமெண்ட் வளையத்தின் குறுக்களவு. வாயுவுக்குக் குறுக்கே போய் ஆவதென்ன? ஒரு பக்கம் எஃகு, மறுபக்கம் களிப்பாறை. அது போக வேண்டியது மேலே. மேலே போக வேண்டுமானால் சிமெண்டை நீளவாக்கில் அரிக்க வேண்டும், கைவிடப்பட்ட கிணற்றில் வைக்கும் ஓர் அடைப்பின் நீளமே சாதாரணமாக நூறு அடி இருக்கும். மிக வேகமான சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம், 90 டிகிரி, 0.26. முப்பது ஆண்டில் 13 சென்டிமீட்டர். ஆயிரம் ஆண்டில் 77 சென்டிமீட்டர். நூறு அடியைத் தாண்டப் பதினைந்து லட்சம் ஆண்டுக்கு மேல். வர்க்கமூலத்தின் குணம் அது. ஆழம் இரட்டிப்பாக நேரம் நான்கு மடங்காக வேண்டும்.

அப்படியென்றால் ஏழரை மாதக் கணக்கு பொருளற்றதா? இல்லை. அது ஓர் இடத்தில் மட்டும் உயிரோடு இருக்கிறது. சிமெண்டுக்கும் எஃகுக்கும் நடுவிலோ, சிமெண்டுக்கும் பாறைக்கும் நடுவிலோ கீழிருந்து மேல்வரை ஓர் இடைவெளி இருந்தால், வாயு அந்த வழியே ஏறிக்கொண்டே போகிற போக்கில் பக்கவாட்டில் சிமெண்டைத் தொடும். அப்போதுதான் 19 மில்லிமீட்டர் என்ற குறுக்களவுக்குக் கணக்குப் போட வேண்டி வரும். இடைவெளி இல்லாவிட்டால் வேதியியலுக்கு வேலை இல்லை. இடைவெளி இருந்துவிட்டால், வேதியியல் தொடங்கும் முன்பே கசிவு தொடங்கிவிட்டது.

இடைவெளி எவ்வளவு பெரியதாக இருந்தால் தப்பு? 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஏழு அங்குலப் பைப்பைச் சுற்றி இந்த அளவு இடைவெளி முழு வட்டமாக இருந்தால் அதன் வழியே போகக்கூடிய ஓட்டம், அந்த வளையச் சிமெண்ட் முழுவதும் கார்பனேட்டாகி 0.1 மில்லிடார்சி (ஊடே கசியும் தன்மையை அளக்கும் அலகு) அளவுக்குக் கசியத் தொடங்கியிருந்தால் போகக்கூடிய ஓட்டத்தைப் போல முந்நூறு மடங்கு. ஓட்டம் இடைவெளியின் கனமூலத்தைப் பொறுத்தது அல்ல, கனத்தை, அதாவது மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 20 மைக்ரான் 40 ஆனால் ஓட்டம் எட்டு மடங்கு. 10 ஆனால் எட்டில் ஒன்று. சிமெண்டின் வகையை மாற்றி இத்தனை பெரிய வித்தியாசத்தை யாராலும் கொண்டுவர முடியாது.

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி எப்படி வருகிறது என்பது உடனே புரியும். இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மரச்சக்கரத்தின் மேல் மாட்டித் தண்ணீரை ஊற்றினால், பட்டா சுருங்கி மரத்தை இறுகப் பிடிக்கும். கிணற்றில் இரும்பு உள்ளே இருக்கிறது, சிமெண்ட் வெளியே. இங்கே இரும்பு சுருங்கினால் பிடி விடும். ஏழு அங்குலப் பைப் 30 டிகிரி குளிர்ந்தால் அதன் ஆரம் 32 மைக்ரான் வரை குறையும். குளிர்ந்த வாயுவை மேலிருந்து அமுக்கும்போது நடப்பது அதுதான். பைப்புக்குள் இருக்கும் அழுத்தம் 100 பார் குறைந்தாலும் ஏறத்தாழ 34 மைக்ரான் (சுவரின் கனம் 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால்). சுற்றியுள்ள சிமெண்ட் முன்பே நெருக்கிக்கொண்டிருந்தால் முழு அளவும் இடைவெளியாகாது, ஒரு பகுதி ஈடாகிவிடும். ஆனாலும் நம் கவலைக்குரிய அளவு இதே வரிசையில்தான் இருக்கிறது. சிமெண்ட் உறையும் வரை கனமான சேற்றுநீரை உள்ளே வைத்துவிட்டு, உறைந்த பிறகு லேசான உப்புநீராக மாற்றுவது இந்தத் தப்பைச் செய்கிற வழக்கமான வழி. பைப்பை அழுத்தச் சோதனை செய்ய வேண்டுமானால், பைப்புக்குள் சிமெண்டைத் தள்ளிக்கொண்டு மேலிருந்து இறங்கும் ரப்பர் அடைப்பான் கீழே போய் முட்டிய கையோடு, சிமெண்ட் இன்னும் இளகி இருக்கும்போதே செய்துவிட வேண்டும். நாலு நாள் கழித்து, கல்லான பிறகு அழுத்தி விடுவித்தால் பைப் ஊதித் தணியும், சிமெண்ட் அதன்கூடத் தணியாது.

பாறைப் பக்கத்து இடைவெளிக்குக் காரணம் வேறு, அது அசட்டை. துளை போட்ட சேறு சுவரில் ஏடாகப் படிந்திருக்கும். அதைக் கழுவாமல் சிமெண்டை அனுப்பினால் சிமெண்ட் சேற்றைப் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. பைப் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் அகலமான பக்கத்தில் சிமெண்ட் பாய்ந்து போய்விடும், ஒடுங்கிய பக்கத்தில் சேறு அப்படியே நிற்கும். அதற்குத்தான் பைப்பின் மேல் வில் போன்ற மையப்படுத்திகளை மாட்டி, ஒடுங்கிய பக்கத்து இடைவெளி, பைப் நட்டநடுவில் நின்றால் இருக்கும் அளவில் 67 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்க்கிறார்கள். முன்னால் கழுவுநீர், அதன் பின்னால் சேற்றுக்கும் சிமெண்டுக்கும் நடுவே நிற்கும் இடைத்திரவம், அதன் பின்னால் 1.9 அடர்த்தியில் சிமெண்ட் பால். சிமெண்ட் போகும் நேரத்தில் பைப்பைச் சுழற்றவோ மேலும் கீழும் அசைக்கவோ முடிந்தால் மிக நல்லது. கரியமில வாயுவுக்கென்று தனியே செய்த அலுமினேட் பாஸ்பேட் சிமெண்ட் இருக்கிறது, அதில் போர்ட்லாண்டைட்டே கிடையாது, விலையும் பல மடங்கு. அதை வாங்கிச் சாய்ந்து கிடக்கும் பைப்புக்குப் பின்னால் ஊற்றுவதைவிட, சாதாரண ஜி வகுப்பை நன்றாகக் கழுவிய துளையில் ஊற்றுவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஐம்பத்தைந்து வயதுச் சிமெண்ட்

இதற்கெல்லாம் சாட்சி மேற்கு டெக்சஸில் சாக்ராக் எண்ணெய் வயலின் ஒரு கிணறு. 1950-இல் போட்டது. அந்த வயலில் 1972-இலிருந்து எண்ணெயை உந்தி எடுக்கக் கரியமில வாயுவை உள்ளே அனுப்பினார்கள். வாயு முப்பது ஆண்டுகள் தொட்டுக்கொண்டிருந்த பிறகு, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வுக்கூடத்து ஆய்வாளர்கள் அந்தக் கிணற்றின் பக்கவாட்டிலிருந்து துளைத்து, எஃகு, சிமெண்ட், களிப்பாறை மூன்றையும் துண்டுகளாக எடுத்துப் பார்த்து 2007-இல் எழுதினார்கள். வாயு இருக்கும் பாறைக்கு மூன்று நான்கு மீட்டர் மேலிருந்து எடுத்த துண்டுகள். அது சாதாரண போர்ட்லாண்டு சிமெண்ட்தான், கரியமில வாயுவை நினைத்து யாரும் கலக்கியதில்லை.

சிமெண்ட் நின்றிருந்தது. ஊடுருவும் தன்மை ஒரு மில்லிடார்சியில் பத்தில் சில பங்கு. புதிய சிமெண்டோடு ஒப்பிட்டால் கூடுதல்தான், ஆனால் தடுப்பதற்குப் போதும். களிப்பாறைப் பக்கத்தில் 1 மில்லிமீட்டர் முதல் 1 சென்டிமீட்டர் வரை ஆரஞ்சு நிறமாக முழுக்கக் கார்பனேட்டான பட்டை. எஃகுப் பக்கத்தில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை கருத்த கால்சைட் ஏடு. நடுவில் சாம்பல் நிறச் சிமெண்ட். மாற்றம் எங்கே இருக்கிறது பாருங்கள். இரண்டு ஓரங்களில். வாயு சிமெண்டைத் துளைத்துக்கொண்டு வரவில்லை, ஓரத்து இடைவெளிகளைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறது. ஏறிய வழியில் கால்சைட்டைப் படியவிட்டிருக்கிறது.

இடைவெளியில் ஓட்டம் மெதுவாகவும் பாதை நீளமாகவும் இருந்தால், கீழே கரைந்த கால்சியம் மேலே போகப் போக, சிமெண்டின் காரத்தால் பி.ஹெச். ஏறிய இடத்தில் திரும்பவும் படிந்து வழியை அடைக்கும். ஓட்டம் வேகமாகவும் பாதை குட்டையாகவும் இருந்தால் கரைந்தது படிய நேரமில்லாமல் வெளியே போய்விடும், வழி அகலமாகும். ஆய்வுக்கூடங்களில் விரிசலுள்ள சிமெண்டில் செய்த சோதனைகள் இரண்டையும் காட்டியிருக்கின்றன. தண்ணீர் உள்ளே தங்குகிற நேரம்தான் எந்தப் பக்கம் சாயும் என்று தீர்மானிக்கிறது.

சாக்ராக்கின் நல்ல விதிக்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வாயு இருக்கும் பாறையே சுண்ணாம்புப் பாறை. அதில் ஊறிய உப்புநீர் கிணற்றுச் சிமெண்டைத் தொடும் முன்பே கால்சியத்தால் நிரம்பிவிட்டது. நம் ஊர் போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு பிடிக்கிறதே, ஹீட்டர் கம்பியில் கல்லாகப் படிகிறதே, அந்த மாதிரித் தண்ணீர். அதற்கு இன்னும் சுண்ணாம்பைக் கரைக்க இடமில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சோதனைகளில் சுண்ணாம்புப் பாறையை ஒத்த, பி.ஹெச். 5 உள்ள நீரில் சிமெண்ட் பழுதாகவில்லை. மணற்பாறையை ஒத்த, பி.ஹெச். 2.4 முதல் 3.7 வரையிலான நீர் ஓடிக்கொண்டே இருந்தபோது அடுக்கடுக்காக நிறம் மாறி அரிபட்டது. ஆகவே சாக்ராக்கை வைத்து உலகத்து எல்லாக் கிணற்றுக்கும் நற்சான்று கொடுக்க நான் தயாரில்லை. அதோடு எஃகையும் மறக்கக் கூடாது. 2024-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலம் டெகேட்டரில் வாயுச் சேமிப்பிடத்தின் ஒரு கண்காணிப்புக் கிணற்றில் கசிவு வெளியே தெரிந்தபோது, அரித்துப் போயிருந்தது எஃகுக் குழாய்.

நம் தோட்டத்து போரில்

கொங்கு நாட்டுப் போரில் கரியமில வாயுப் பேச்சு இல்லை. இடைவெளிப் பேச்சு நிறைய உண்டு. பாறை தட்டும் வரை பி.வி.சி. கேசிங்கை இறக்கி, வெளியே இருக்கும் இடைவெளியில் போரிலிருந்து வந்த கல்தூளையும் மண்ணையும் தள்ளிவிட்டு, மேலே ஒரு மேடை கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பதுதான் பெரும்பாலும் வழக்கம். "ஏனுங்க, கேசிங் எத்தன அடிங்க?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். "வெளிய என்னத்தப் போட்டு அடைக்கறீங்க?" என்று கேட்பவர் குறைவு. மாட்டுத்தொழுவத்துக் கழிவும் செப்டிக் டேங்க் ஊற்றும் அந்த மண் வழியே இறங்கி, கேசிங்கின் அடியைச் சுற்றி போருக்குள் நுழையும். நொய்யல் ஓரத்தில், ஒரத்துப்பாளையம் அணைக்கட்டுப் பக்கத்தில், மேல்மட்டத்து நீரெல்லாம் சாய உப்பாகிப்போன ஊர்களில், ஆழத்து விரிசலில் நல்ல தண்ணீர் இருந்தாலும் அதற்குள் உப்பை இறக்கிவிடும் ஏணி இந்த இடைவெளிதான்.

அடைப்பது பெரிய செலவு இல்லை. மேல்மண்ணில் துளை பத்து அங்குலம், கேசிங் ஏழு அங்குலம் என்றால் வளையத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 26 லிட்டர் பிடிக்கும். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொம்பு கூடாது. அது 41 லிட்டர் சிமெண்ட் பால் தரும். இருபது அடிக்கு நாலு மூட்டை, மண் குடிப்பதற்கும் சுவர் சரிந்திருந்தால் நிரப்புவதற்கும் சேர்த்து ஐந்து வாங்கிக்கொள்ள வேண்டும். மணல் வேண்டாம், கட்டியில்லாமல் கலக்கி வலையில் வடிக்க வேண்டும். சாயக்கழிவில் சோடியம் சல்ஃபேட் இருக்கிற நிலமென்றால் சல்ஃபேட் தாங்கும் சிமெண்ட் கேட்டு வாங்க வேண்டும், சாதாரண சிமெண்டில் இருக்கும் அலுமினேட் சல்ஃபேட்டோடு சேர்ந்து ஊதி வெடிக்கும். எண்ணெய்க் கிணற்று ஜி வகுப்பிலும் இதே காரணத்துக்காக அந்த அலுமினேட்டை 3 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்திய ரகம் உண்டு.

ஊற்றும் முன் கேசிங்கின் அடி பாறையில் பதிந்து உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பால் முழுக்கப் போருக்குள் இறங்கிவிடும். முதலில் ஒரு வாளி கெட்டியான களிமண்ணைப் போட்டு அடியை அடைப்பது பாதுகாப்பு. மூன்று பக்கமும் மரக்கட்டை செருகிக் கேசிங்கை நடுவில் நிறுத்த வேண்டும். ஒண்ணேகால் அங்குலக் குழாய் ஒன்றை வளையத்தின் அடிவரை இறக்கி, அதன் வழியாகக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டே குழாயை உயர்த்த வேண்டும், குழாயின் வாய் எப்போதும் பாலுக்குள் முங்கியே இருக்க வேண்டும். மேலிருந்து வாளியால் ஊற்றினால் நடுவில் மண்ணும் காற்றும் அடைபட்டு, அடைத்த மாதிரி தெரியும், அடைபட்டிருக்காது. பி.வி.சி.க்கு இன்னொரு ஆபத்து உண்டு. சிமெண்ட் உறையும்போது சூடாகும், பைப் இளகும், வெளியே பாலின் கனம் உள்நோக்கித் தள்ளும். இருபது அடியை ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு தவணையாக, பத்தடி நிரப்பி அது இறுகிய பிறகு மறு பத்தடி ஊற்றலாம். கேசிங்குக்குள் தண்ணீர் நிற்கும்படி இருந்தால் அதுவே தாங்கும், சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

உறைந்த சிமெண்ட் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்று பார்க்கவும் வீட்டிலேயே வழி உண்டு. ஒரு கிராம் பினால்ஃப்தலீனை 70 மில்லி ஆல்கஹாலில் கரைத்து 30 மில்லி வாலை வடிநீர் சேர்த்து, பழைய கிணற்று உறையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் போதும். காரம் மிச்சமிருக்கும் இடம் ரோஜா நிறமாகும், கார்பனேட்டான ஓரம் நிறம் மாறாமல் நிற்கும். உடைத்து ஊதித் தூசியைத் தட்டிவிட்டு உடனே தெளிக்க வேண்டும், ரம்பத்தால் அறுத்தால் தூள் பரவிப் பொய் காட்டும். பெரும்பாலான பழைய காங்கிரீட்டில் நிறம் மாறாத பட்டை தெளிவாகத் தெரியும், அதை அளவுகோல் வைத்து அளக்கலாம். விரிசல் ஓடிய இடத்தில் மட்டும் அந்தப் பட்டை விரிசலைப் பிடித்துக்கொண்டு ஆப்புப்போல உள்ளே இறங்கியிருக்கும். டெக்சஸ் துண்டுகளில் தெரிந்ததும் இதே படம்தான்.

போரைச் சுற்றி ஊற்றிய பால் மறுநாள் காலையில் அரையடி இறங்கியிருந்தால் பதற வேண்டாம், தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்கும். அந்த அரையடியை நிரப்பத்தான் ஐந்தாவது மூட்டையில் பாதியைக் கட்டி வைக்கச் சொல்வது. மேடையை அதற்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம்.